கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வாசலில் நின்றிருக்கிறீர்களா? நீங்கள் விலை கேட்பதற்கு முன்பே, துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் கிள்ளி வைத்து நீட்டிவிடுவார் கடைக்காரர். “வாயில போட்டுப் பாருங்க அண்ணாச்சி... பிடிச்சிருந்தா வாங்குங்க!”

வாயில் போட்ட பிறகு வாங்காமல் நகர்ந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால், கடைக்காரரின் கண் எங்கே இருக்கும் தெரியுமோ? உங்கள் பர்ஸில் இல்லை. உங்கள் முகத்தில்! அந்த இரண்டு விநாடியில் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். அன்றைய பதம் சரியா, சர்க்கரை தூக்கலா என்பதெல்லாம் அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

அப்படியே ராஜபாளையம் தாண்டி, தென்காசி சாலையில் சேத்தூர் வழியாகப் போனால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். கோயிலுக்குத் தானமாக விடப்பட்ட நிலம் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். அங்கே குடிகொண்டிருக்கும் சிவனுக்கு ஒரு விசித்திரமான பெயர் உண்டு. நச்சாடை தவிர்த்தவர்! போரில் ஜெயிக்க முடியாத எதிரி மன்னன், பாண்டியனுக்கு அழகான ஆடை ஒன்றைப் பரிசாக அனுப்புகிறான். அதில் விஷம். உடுத்தினால் தீர்ந்தது கதை. இறைவன் குறுக்கே வந்து காப்பாற்றினார் என்கிறது தல புராணம்.

பால்கோவாவுக்கும் நச்சாடைக்கும் நடுவில் வீடியோ கேம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு பொருள் பார்க்க அழகாக இருந்தால் போதாது, அதை ஒரு ஆள் உபயோகித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பதை எழுபது சொச்சம் வருஷமாகத் திரும்பத் திரும்பப் பட்டுத் தெரிந்துகொண்ட தொழில் அது. இன்னும் கடைக்கு வராத விளையாட்டுகளை ஒரு பெரிய மண்டபத்தில் வரிசையாக வைத்து, “வாங்க, விளையாடிப் பாருங்க” என்று கூப்பிடுகிறார்கள் இல்லையா... அந்தக் கண்காட்சிகளின் கதை, சந்தோஷமும் துரோகமும் கோர்ட் வாசலும் கலந்த கதை. ஒரே ஒரு கையெழுத்தில் ஒரு கேஸ் ஜெயித்த கதையும் அதில் உண்டு.

முதலில் லண்டன் போகலாம்.

வருஷம் 1951. உலகப்போர் முடிந்து ஆறு வருஷம். பிரிட்டன் இன்னும் ரேஷன் க்யூவிலிருந்து மீளவில்லை. மக்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காக ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ என்று ஒரு திருவிழா நடத்தினார்கள். அதன் அறிவியல் கண்காட்சியில் ஃபெராண்டி என்ற கம்பெனி ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. 12 அடி அகலம். உள்ளே நூற்றுக்கணக்கான வால்வுகள். பெயர் ‘நிம்ராட்’.

அந்த ராட்சதனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு விளையாட்டு. பெயர், ‘நிம்’. புளியங்கொட்டைகளைச் சில குவியல்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் நானும் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு குவியலிலிருந்து மட்டும்தான் எடுக்கலாம். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை யார் எடுக்கிறார் என்பதில் வெற்றி தோல்வி. அவ்வளவுதான். புளியங்கொட்டைக்குப் பதில் நிம்ராடில் விளக்குகள்.

இதை யோசித்தவர் ஜான் பென்னட் என்ற ஆஸ்திரேலியர். அவருடைய நோக்கம் விளையாட்டே இல்லை. கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று ஜனங்களுக்கு விளக்குவதுதான் உத்தேசம். ஆனால் யார் அதைக் கேட்டார்கள்? வந்தவர்களெல்லாம் நேராக இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். விளையாடினார்கள். தோற்றார்கள். ‘இன்னொரு ஆட்டம்’ என்றார்கள்!

அதே வருஷம் அக்டோபரில் நிம்ராட் பெர்லினுக்குப் போனது. அங்கே மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டையே தோற்கடித்தது. அதே கூடத்தின் மறுகோடியில் இலவச மது வழங்கிக்கொண்டிருந்தார்களாம். முதல் நாள் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று பென்னட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சும்மா கிடைக்கிற மதுவைவிடச் சும்மா கிடைக்கிற ஆட்டம் பெரிதாகிவிட்டது!

அப்புறம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கண்காட்சி வேலை முடிந்ததும் நிம்ராடைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். தங்கள் எதிரே நின்ற அந்தக் கூட்டத்தின் அர்த்தம் அந்தக் கம்பெனிக்குப் புரியவில்லை.

ஏழு வருஷம் கழித்து, அமெரிக்காவிலும் இதே கதைதான்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அணு ஆராய்ச்சி நடக்கும் இடம். அக்கம்பக்கத்து ஜனங்களுக்குப் பயம் வரக்கூடாது என்று வருஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, ‘வந்து பாருங்கள்’ என்பார்கள். வருகிறவர்கள் எதைப் பார்ப்பது? கண்ணாடிப் பெட்டிக்குள் கருவிகள், சுவரில் படங்கள். கொட்டாவிதான் வந்தது.

அங்கே வில்லியம் ஹிகின்பாதம் என்றொரு விஞ்ஞானி. முதல் அணுகுண்டுக்கான எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் இருந்தவர். அந்த உறுத்தலோ என்னவோ, பிறகு வாழ்நாள் முழுக்க அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் பேசியவர். ‘பார்க்க வருகிறவர்கள் தொட்டு விளையாட ஏதாவது வைத்தால் என்ன?’ என்று அவருக்குத் தோன்றியது. ஏவுகணைப் பாதையெல்லாம் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. ஏவுகணையின் பாதையைக் கணக்கிடுகிற இயந்திரத்தால் ஒரு டென்னிஸ் பந்தின் பாதையைக் கணக்கிட முடியாதா என்ன?

மூன்றே வாரம். ஐந்து அங்குல ஆசிலாஸ்கோப் திரையில் ஒரு கோடு, அதுதான் தரை. நடுவில் குட்டியாக இன்னொரு கோடு, அதுதான் வலை. அங்குமிங்கும் தாவும் ஒரு ஒளிப்புள்ளி, அதுதான் பந்து. ஆளுக்கொரு பெட்டி, அதில் திருகுவதற்கு ஒரு குமிழ், அமுக்குவதற்கு ஒரு பொத்தான். 1958 அக்டோபரில் இதை வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் க்யூவில் நின்றார்கள். அணு உலையைப் பார்க்க வந்த கூட்டம், அதை மறந்துவிட்டு டென்னிஸ் ஆடியது. மறு வருஷம் பெரிய திரை வைத்தார்கள். நிலாவில் டென்னிஸ் ஆடினால் எப்படி, வியாழனில் ஆடினால் எப்படி என்று ஈர்ப்பு விசையை மாற்றிப் பார்க்கவும் வழி செய்தார்கள்.

அப்புறம்? பிரித்துப் போட்டாயிற்று! வேறு வேலைக்குக் கருவிகள் தேவைப்பட்டன. ஹிகின்பாதம் காப்புரிமை கேட்கவில்லை. இது பெரிய விஷயம் என்றே அவர் நினைக்கவில்லை. இந்த டென்னிஸைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் ஒருமுறை மறுபடி வரும்.

இப்போது கதையின் நாயகனைச் சந்திக்கலாம். ரால்ஃப் பேர். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1938-ல், ஹிட்லரின் கொடுமை உச்சத்துக்குப் போவதற்குச் சற்று முன்னால், பதினாறு வயதில் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்தவர். ரேடியோ ரிப்பேர், டி.வி. தொழில்நுட்பம் என்று படித்து முன்னேறி, சாண்டர்ஸ் என்ற ராணுவத் தளவாடக் கம்பெனியில் பொறியாளர்.

1966 ஆகஸ்ட் கடைசி. நியூயார்க் பஸ் நிலையத்தில் சக ஊழியர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார் பேர். சும்மா இருக்கிற மூளை கேட்கிறது: ‘கோடிக்கணக்கான வீடுகளில் டி.வி. இருக்கிறது. அது காட்டுவதைப் பார்ப்பதைத் தவிர அதை வைத்து வேறு எதுவும் செய்ய முடியாதா?’ மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிவிட்டார். டி.வி-யில் விளையாட்டு!

ராணுவக் கம்பெனியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் கொஞ்சம் பணமும் இரண்டு ஆட்களும் கிடைத்தார்கள். 1968-ல் ஒரு பெட்டி தயார். பார்க்க மரப்பெட்டி மாதிரி இருக்கட்டுமே என்று மர டிசைன் ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அதனாலேயே ‘பிரவுன் பாக்ஸ்’ என்று பெயர் வந்தது. இதைத் தூக்கிக்கொண்டு டி.வி. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார் பேர். எல்லோரும் விளையாடிப் பார்த்தார்கள். எல்லோரும் ‘பிரமாதம்’ என்றார்கள். யாரும் பணம் எடுக்கவில்லை. கடைசியில் மேக்னவாக்ஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அதற்கு மேக்னவாக்ஸ் வைத்த பெயர், ‘ஒடிஸி’.

1972 மே மாதம். ஒடிஸி கடைக்கு வர இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மேக்னவாக்ஸ் ஊர் ஊராகப் போய் டீலர்களுக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தது. மே 24-ம் தேதி, கலிஃபோர்னியாவில் பர்லிங்கேம் என்ற ஊரில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் கண்காட்சி. வாசலில் வழக்கம்போல ஒரு விருந்தினர் நோட்டு. வருகிறவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

அன்றைக்கு வந்தவர்களில் உயரமாக ஒரு இளைஞர். இருபத்தொன்பது வயது. நோலன் புஷ்நெல்.

இவரும் விளையாட்டு செய்கிற ஆள்தான். முந்தைய வருஷம் நண்பரோடு சேர்ந்து ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்று காசு போட்டு ஆடும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். சந்தைக்கு விடுவதற்கு முன்னால், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பையன்கள் வந்துபோகும் ஒரு மதுக்கடையில் அதை வைத்துச் சோதித்தார்கள். நல்ல வசூல். ஆஹா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். அதையே சாதாரண ஜனங்கள் வருகிற பீட்சா கடையில் வைத்தபோது, எதை அமுக்கினால் எது நடக்கும் என்றே யாருக்கும் விளங்கவில்லை. இன்ஜினீயரிங் மாணவர்களுக்குப் பிடித்தது மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. ருசி பார்க்கக் கொடுத்தார்கள், சரிதான்... ஆனால் யார் நாக்குக்குக் கொடுத்தார்கள்?

அந்தச் சூட்டோடுதான் புஷ்நெல் ஹோட்டலுக்குள் நுழைந்தார். கையெழுத்துப் போட்டார். ஒடிஸியில் டேபிள் டென்னிஸ் ஆடினார். திரையில் ஒரு புள்ளி, இரண்டு பட்டைகள். சத்தம் கிடையாது. ஸ்கோர் கிடையாது, நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற ஆட்டங்களுக்கு மைதானம் வேண்டுமென்றால், டி.வி. திரைமேல் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். புஷ்நெல்லுக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. ஆனால், சுற்றி நின்றவர்கள் ரசிக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் இருந்திருப்பாரா?

அடுத்த மாதம் ‘அட்டாரி’ கம்பெனி பிறந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆலன் அல்கார்ன் என்ற இளைஞரைக் கூப்பிட்டு, “ஒரு டென்னிஸ் ஆட்டம் பண்ணு. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆர்டர் கொடுத்திருக்கிறது” என்றார் புஷ்நெல். ஆர்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. பையனுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகச் சொன்ன பொய் அது!

பையன் கெட்டிக்காரன். பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடியது. திரையிலேயே ஸ்கோர் வந்தது. பந்து பட்டால் ‘பாங்’ என்று சத்தம். அதுவே ஆட்டத்தின் பெயராகவும் ஆனது. சன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் ஒரே ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். சில நாளில் கடையிலிருந்து போன். “மெஷின் நின்றுபோச்சு.” அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். கோளாறு ஒன்றும் இல்லை. காசு விழுகிற டப்பா நிரம்பி வழிந்து, மேற்கொண்டு காசு உள்ளே போக இடமில்லாமல் இயந்திரம் சிக்கிக்கொண்டிருந்தது!

‘பாங்’ உலகத்தையே பிடித்தது. மேக்னவாக்ஸுக்கு வயிறு எரிந்தது. 1974-ல் அட்டாரி உள்பட சில கம்பெனிகள்மேல் கேஸ் போட்டது. ‘எங்கள் ஆட்டத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள்’ என்பது குற்றச்சாட்டு. பார்த்ததற்கு என்ன அத்தாட்சி?

அந்த விருந்தினர் நோட்டு! 1972 மே 24. நோலன் புஷ்நெல். அவரே போட்ட கையெழுத்து.

இதற்குமேல் என்ன வாதாடுவது? விசாரணைக்கு முன்பே, 1976-ல் அட்டாரி சமரசம் பேசிப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் வழக்கை நடத்தித் தோற்றார்கள். 1977-ல் தீர்ப்பு சொன்ன சிகாகோ நீதிபதி ஜான் கிரேடி, வீடியோ கேம் கலைக்கே அதுதான் முன்னோடிக் காப்புரிமை என்றார். எண்பதுகளில் நின்டெண்டோ ஒரு கை பார்த்தது. ‘பேருக்கு முன்னாலேயே 1958-ல் ஹிகின்பாதம் செய்துவிட்டாரே!’ என்று அந்தப் பழைய டென்னிஸைத் தூசிதட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது. ‘அது ஆசிலாஸ்கோப்பில் ஓடியது, வீடியோ சிக்னல் இல்லை’ என்று சொல்லி அதுவும் தள்ளுபடி.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். யார் பக்கம் நியாயம்? முதலில் யோசித்தவர் பேர். அதில் சந்தேகமில்லை. காலம் தள்ளிப்போனாலும் சட்டம் அவர் பக்கம் நின்றது. 2006-ல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கமும் கொடுத்தது. ஆனால், ஜனங்கள் காசு போட்டது ‘பாங்’குக்கு. ஏன்? ஒடிஸியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு எது குறைந்ததோ, அதையெல்லாம் ‘பாங்’ நிரப்பியது. விளையாடிப் பார்க்கக் கொடுத்த இடத்தில் மேக்னவாக்ஸ் ஆர்டர்களை எண்ணிக்கொண்டிருந்தது. புஷ்நெல் குறைகளை எண்ணிக்கொண்டு போனார்.

இத்தனை கற்றுக்கொண்ட அதே அட்டாரி, பத்து வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்ததுதான் வேடிக்கை.

1982. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படம் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வீடியோ கேமாகச் செய்யும் உரிமையைப் பெரும் தொகை கொடுத்து வாங்கியது அட்டாரி. கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமரிடம் கொடுத்த அவகாசம், ஐந்தே வாரம்! வழக்கமாக ஆட்டம் தயாரானதும் வெளியாட்களை உட்கார வைத்து விளையாட விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டத்தில் ஈ.டி. போகிற வழியெல்லாம் குழி. நகர்ந்தால் குழியில் விழும். கஷ்டப்பட்டு ஏறி வந்தால் மறுபடி விழும். பத்து நிமிஷம் ஒரு பத்து வயசுப் பையனிடம் கொடுத்திருந்தால், அவன் மூஞ்சியே சொல்லியிருக்கும். கொடுக்கவில்லை. சுமார் 40 லட்சம் தயாரித்து, அதில் பெரும்பகுதி விற்காமல் தேங்கியது. இது ஒன்று மட்டுமே காரணம் இல்லை, குப்பை ஆட்டங்கள் சந்தையில் மலைபோலக் குவிந்து கிடந்த நேரம் அது. 1983-ல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. விற்காத சரக்கையெல்லாம் லாரி லாரியாக ஏற்றிப்போய் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். கட்டுக்கதை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். ஈ.டி. நிஜமாகவே உள்ளே இருந்தது!

யாரும் உடுத்திப் பார்க்காமல் அனுப்பிய ஆடை. தவிர்க்கத்தான் யாரும் வரவில்லை.

அந்த வீழ்ச்சிக்குப் பிறகு, ‘வீடியோ கேம்’ என்று சொன்னாலே அமெரிக்கக் கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அங்கே ஜப்பானிலிருந்து நின்டெண்டோ வந்தபோது, 1985-ல் நியூயார்க் கடைகளில் தானே ஸ்டால் போட்டு, ‘விளையாடிப் பாருங்கள். விற்காவிட்டால் நாங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறோம்’ என்றது. பால்கோவா கடை உத்திதான்! வியாபாரம் திரும்ப எழுந்தது.

கண்காட்சிகளும் பெருத்தன. ஆரம்பத்தில் டி.வி., ரேடியோ விற்கிற எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் வீடியோ கேம்களுக்கு ஓரமாக ஒரு கூடாரம்தான். அங்கே மழை ஒழுகி எங்கள் மெஷின்கள்மேல் சொட்டியது என்று சேகா கம்பெனியின் டாம் கலின்ஸ்கி பிற்பாடு புலம்பியிருக்கிறார். 1995 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸில் தனியாகவே திருவிழா ஆரம்பித்தார்கள். எலெக்ட்ரானிக் என்டர்டெயின்மென்ட் எக்ஸ்போ. சுருக்கமாக ‘ஈ-3’.

முதல் வருஷமே அமர்க்களம். சேகாவின் கலின்ஸ்கி மேடையேறி, ‘எங்கள் சாட்டர்ன் இன்றைக்கே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர்’ என்று குண்டு போட்டார். கொஞ்ச நேரத்தில் சோனி தரப்பிலிருந்து ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். மைக்கில் சொன்னது ஒரே ஒரு எண். “299.” இறங்கிப் போய்விட்டார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பிளே ஸ்டேஷன் ஜெயித்த கதை அங்கேதான் தொடங்கியது.

ஆனால், மேடைப் பேச்சு வேறு, கையில் கொடுப்பது வேறு. 2005-ல் அதே ஈ-3-ல் சோனி ‘கில்ஸோன்’ என்ற ஆட்டத்தின் புதிய பாகத்தைத் திரையில் காட்டியது. சினிமா தோற்றது! பிறகுதான் தெரிந்தது, அது ஆட்டமே இல்லை. முன்கூட்டியே தயாரித்த படம். அடுத்த வருஷம், 2006. சோனியின் பிளே ஸ்டேஷன்-3 விலை 599 டாலர் வரை என்றார்கள். இந்தப் பக்கம் நின்டெண்டோ, டி.வி. ரிமோட் மாதிரி ஒரு குச்சியைக் கையில் கொடுத்தது. வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். மறுபடியும் டென்னிஸ்! காலையில் கதவு திறந்ததும் ஜனங்கள் மற்ற ஸ்டால்களையெல்லாம் தாண்டி ‘வீ’யைத் தொட்டுப் பார்க்க ஓடினார்கள். மணிக்கணக்கில் க்யூ. படத்தின் துல்லியத்தில் ‘வீ’ பின்தங்கிய மெஷின்தான். ஆனால் 10 கோடிக்கு மேல் விற்றது. அந்த க்யூ முன்கூட்டியே சொன்ன ஜோசியம் அது.

இந்த ஈ-3 இப்போது இல்லை. கொரோனாவில் நின்றது, இணையம் வழியாக ஒருமுறை தலைகாட்டியது, 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடிவிட்டதாக அறிவித்தார்கள். கம்பெனிகள் நேரடியாக இணையத்தில் படம் காட்டிக்கொள்கின்றன. மேடை எதற்கு, வாடகை எதற்கு என்ற கணக்கு. ஆனால், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடக்கிற கேம்ஸ்காமுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பத்து நிமிஷம் விளையாட இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். படத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். தொட்டுப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

நம் பக்கம்?

தொண்ணூறுகளில், ராஜபாளையம் மாதிரி ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் என்றால் கேசட்டு போட்டு ஆடுகிற மாரியோதான். யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுத் திண்ணையில் தெருவே காத்திருக்கும். “அண்ணே, ஒரே ஒரு லைஃப்ணே!” ஆட்டத்தைச் செய்தவன் எங்கேயோ ஜப்பானில். நாம் எங்கே தடுக்கி விழுகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. அவன் முகம் நமக்குத் தெரியாது.

இன்றைக்கு அந்தத் தூரம் குறைந்திருக்கிறது. இந்திய விளையாட்டு உருவாக்குநர்களின் மாநாடு பல வருஷம் ஹைதராபாத்தில் நடந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்குக் காமிக் கான் வந்தது. இவற்றையெல்லாம்விட ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கனடாவின் டொரண்டோவில் ‘விசை’ என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் ஒரு ஆட்டம் வெளியிட்டது. பெயர் ‘வெண்பா’! எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்திருக்கிறது. எழுத்து அழிந்திருக்கிறது. நீங்கள்தான் யோசித்து யோசித்துச் சமைக்க வேண்டும். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. முதல் சவால் என்ன தெரியுமா? இட்லிப் பானையில் தட்டுகளை எப்படி அடுக்கினால் இட்லி ஒழுங்காக வேகும் என்பது! மறு வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோவில் சுதந்திர விளையாட்டுத் திருவிழாவின் தலையாய பரிசு அதற்குத்தான். லண்டனில் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குத்தான். இட்லித் தட்டைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், விளையாடிப் பார்த்துவிட்டு, ‘இது நன்றாக இருக்கிறது’ என்றிருக்கிறார்.

நாளைக்கே தேவதானத்திலிருந்து ஒரு பெண், சேத்தூரிலிருந்து ஒரு பையன், தன் ஊர்க் கதையை ஆட்டமாகச் செய்து ஏதாவது மண்டபத்தில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம். நச்சாடைக் கதையில் இல்லாத திருப்பமா!

அப்படி ஒரு ஸ்டாலுக்கு நீங்கள் போனால், ஒன்று கவனியுங்கள். உங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். பேசமாட்டார். உதவி செய்யத் துடிப்பார், செய்யமாட்டார். அவர்தான் அதைச் செய்தவர். இரண்டு மூன்று வருஷத் தூக்கம் அந்த மேஜையில் இருக்கிறது. நீங்கள் எங்கே திணறுகிறீர்கள், எங்கே சிரிக்கிறீர்கள், எந்த இடத்தில் செல்போனை எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டிருப்பார். மரியாதைக்காக ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பேருக்கு எல்லா டி.வி. கம்பெனிக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். எந்த இடம் புரியவில்லை என்று சொல்லுங்கள். அது அவருக்கு விருதைவிடப் பெரிது.

கிளம்பும்போது ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் தாராளமாகப் போடுங்கள்.

மறுநாளே நீங்களும் அதே மாதிரி ஒரு ஆட்டம் செய்வதாக உத்தேசம் இருந்தால் மட்டும்... ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போடுங்கள்!